அம்புக்குறிக்கு எதிராக

1

இந்த நாட்டில் காட்டுக்குள் நடப்பதற்கும் அம்புக்குறி நட்டு வைத்திருக்கிறார்கள். ஊரில் இருக்கிற உங்களுக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியவில்லை. நமக்கு நடை என்றால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவது. சந்தைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, கோயிலுக்கு, செத்தவீட்டுக்கு. இங்கே காரில் வெகுதூரம் ஓடிப்போய், அதை ஓரிடத்தில் நிறுத்தி, பெரிய வட்டமாக ஒரு சுற்று நடந்து, திரும்பவும் அந்தக் காரடிக்கே வந்து ஏறி வீட்டுக்குப் போகிறார்கள். போன காரியம் என்ன என்று கேட்டால், நடந்ததுதான் காரியம்.

வந்த புதிதில் நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். பிறகு ஞாயிறு தவறாமல் நாங்களே போகத் தொடங்கினோம். வேறு போக்கிடம் இல்லை. சிட்னியில் அப்போது கும்பிட ஒரு கோயில் கிடையாது. தமிழ்க் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, அவையும் மூலைக்கொன்றாக இருந்தன. லிட்கமில் எங்கள் தெருவில் இருப்பவர்கள் போலந்துக்காரரும் உக்ரேன்காரரும். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை போக ஆளுக்கொரு தேவாலயம் இருக்கிறது. எங்களுக்கு இந்த வட்டம் இருந்தது.

நாங்கள் இந்த நாட்டில் வந்திறங்கி இன்றோடு ஒன்பது வருடம். வருடாவருடம் இந்த நாளில் சோற்றுப் பொதி கட்டிக்கொண்டு அந்த நடைக்குப் போவோம். இன்றும் போனோம். என் மகளை அவளுடைய தகப்பனோடு ஒரு சொல்லாவது கதைக்க வைத்துவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் நான் போனேன். இப்போது பின்னேரம். திரும்பி வந்து குசினி மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். எழுதாமல் விட்டால் கையில் அகப்படுகிற பாத்திரத்தையெல்லாம் போட்டு உடைத்துவிடுவேன் போலிருக்கிறது.

2

கெல்லிவில் பக்கம், தோடம்பழத் தோட்டங்களும் கோழிப் பண்ணைகளும் முடிகிற இடத்தில் அந்தப் பழைய வளவு இருக்கிறது. வெள்ளைக்காரர் வந்த காலத்தில் ஒரு பட்டாளத்து அதிகாரிக்குக் கொடுத்த காணியாம். கைதிகளைக் கொண்டு மணற்கல்லில் பெரிய வீடு கட்டுவித்து, இங்கிலாந்திலிருந்து ஓக் மரக் கன்றுகளைக் கப்பலில் கொண்டுவந்து நட்டு, ஓடையை மறித்து ஒரு குளமும் உண்டாக்கினார். அந்த மனிதரும் ஊர் நினைப்பில் கிடந்து புழுங்கியவர்தான் போலிருக்கிறது. இப்போது அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. கதவு பூட்டியே கிடக்கும்.

வீட்டையும் குளத்தையும் நடுவில் வைத்துப் பாதை சுற்றி வருகிறது. பாதித் தூரம் யூகலிப்டஸ் காடு. உரிந்து விழுந்த பட்டைகள் காலுக்குக் கீழே நொறுங்கும். மற்றப் பாதி ஓக் மரங்களும் வெட்டிவிட்ட புல்லும். இரண்டுக்கும் இடையில் ஓடையின் மேல் ஒரு மரப்பாலம். ஓராள் போகிற அகலம்தான். எதிரே ஆள் வந்தால் ஒருவர் நின்று மற்றவரை விலத்த விடவேண்டும். எங்களுக்கு ஒரு 'ஹலோ'வாவது சொல்லாமல் அந்தப் பாலத்தைக் கடந்தவர் கிடையாது.

வாசலில் ஒரு பச்சைப் பலகை. அதிலே வெள்ளை அம்புக்குறி. குளத்தை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு சுற்றிவரச் சொல்கிறது. ஊர் உலகமெல்லாம் அப்படித்தான் சுற்றுகிறது. என்னுடைய கணவர் முதல் நாளே அந்தப் பலகைக்கு முன்னால் நின்றுவிட்டார். அவர் எஞ்சினியர். விதிமுறை என்றால் உயிர். ஒரு கார்கூட வராத றோட்டிலும் சிவப்பு விளக்குக்கு நின்று போகிறவர். ஆனால் இந்த அம்புக்குறி மட்டும் அவருக்குத் தொண்டையில் சிக்கிவிட்டது.

"இடப்பக்கமாச் சுத்தச் சொல்லுறாங்கள். இதென்னப்பா, செத்தவீடே?" என்றார்.

எதைச் சுற்றினாலும் வலமாகச் சுற்றிப் பழகின ஆட்கள் நாங்கள். சுவாமி வலக்கைப் பக்கம் இருக்கவேண்டும். இடமாகச் சுற்றுவது பிரேதத்தை. அவர் பெரிய பக்திமான் இல்லை, விரதம்கூடப் பிடிக்கமாட்டார். ஆனாலும் கால் போகவில்லை. அம்புக்குறிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மற்றப் பக்கமாக இறங்கினார். நானும் பிள்ளையும் பின்னால் போனோம்.

தொப்பி போட்ட காவல்காரக் கிழவர் ஓடிவந்து, பிழையான பக்கம் போகிறீர்கள் என்று மறித்தார். என் கணவர் நின்று, நிதானமாக, ஊரில் வெள்ளைக்காரத் துரைமாரோடு கதைத்த ஆங்கிலத்தில் விளக்கினார். "ரைட் சைட் இஸ் ஃபோர் கோட், சேர். லெஃப்ட் சைட் இஸ் ஃபோர் டெட் பொடி."

கிழவர் எங்கள் மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு காட்டைப் பார்த்தார். உள்ளே எங்கேயோ பிரேதம் கிடக்கிறது என்று நினைத்திருக்கவேண்டும்.

"அப்பா, அவர் பொலிசைக் கூப்பிடப் போறார்!" என்று சொல்லி எங்கள் சுகந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்போது அவளுக்குப் பத்து வயது நடந்தது. அந்த நாளில் அவளுக்குச் சிரிப்பு வந்தால் தமிழ்தான் வாயில் வரும்.

எதிர்ப்பக்கமாக நடந்ததில் ஒரு நன்மையும் இருந்தது. அம்புக்குறிப்படி நடக்கிறவர்கள் ஒருவரையொருவர் சந்திப்பதில்லை. முன்னால் போகிறவரின் முதுகைத்தான் காண்பார்கள், அதுவும் எப்போதாவது. எங்களுக்கு எல்லாருடைய முகமும் தெரிந்திருந்தது. மூன்று நாய்களோடு வருகிற கிழவி, ஞாயிறு தவறாமல் சண்டை பிடித்துக்கொண்டே வருகிற புருசன் பெண்சாதி, பறவை பார்க்கிற தாடிக்காரர். பிழையான பக்கத்துக் குடும்பம் வருகிறது என்று பகிடி பண்ணுவார்கள். பாலத்தில் நின்று வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்வார்கள். இந்த நாட்டில் எங்களுக்குக் கிடைத்த அயலட்டை அவ்வளவுதான்.

3

சுகந்திக்கு வலமும் இடமும் எப்படித் தெரியும் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். நாங்கள் ஊரிலிருந்து புறப்பட முந்தின வருடம் மாமா, என் கணவரின் தகப்பனார், காலமானார். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்துப் பிரேதத்தைச் சுற்றி வந்தார்கள். இவள்தான் எல்லாரிலும் சின்னவள். கோயில் பழக்கத்தில் வலமாக அடி எடுத்து வைத்தாள். தகப்பன் அவளைத் தோளில் பிடித்து மெல்லத் திருப்பிவிட்டார்.

"இந்தப் பக்கம், பிள்ளை. அது சாமிக்கு. இது போனவைக்கு."

அதற்குப் பிறகு கொஞ்ச நாளாக அவள் எதைச் சுற்றினாலும் நடுவில் நின்றுவிடுவாள். கிணற்றடி, கோழிக்கூடு, சாப்பாட்டு மேசை. "அம்மா, நான் இப்ப எந்தப் பக்கத்தாலை வாறன்?" என்று கேட்பாள். இடமாகச் சுற்றினால் நடுவில் இருப்பது செத்துப்போகும் என்று பிள்ளைப் புத்தியில் பதிந்துவிட்டது. ஒருநாள் நான் முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது என்னைச் சுற்றி ஓடி விளையாடினவள் திடீரென்று நின்று, வந்த வழியே திரும்ப ஓடிப்போய், மற்றப் பக்கமாகச் சுற்றிவிட்டு வந்தாள். நான் தப்பிவிட்டேனாம்.

அந்தப் பிள்ளைக்காகத்தான் நாங்கள் வந்தோம். எல்லாரும் இப்படித்தான் சொல்லுவார்கள் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் எங்கள் விஷயத்தில் அது உண்மை. சிங்களச் சோதனை பாஸ் பண்ணினால்தான் பதவி உயர்வு என்று இவருக்குக் கடுதாசி வந்தது. எழுதமாட்டேன் என்று இவர் நின்றார். "எனக்கு இது போதும். ஆனா என்ரை பிள்ளைக்கு இந்த நிலை வேண்டாம்," என்றார். ஊரில் பாலம் கட்டின மனிதர் இங்கே ஒரு நகரசபைக் கந்தோரில் மழைநீர்க் கான்களுக்கும் கழிவுக் குழாய்களுக்கும் படம் கீறுகிறார். நான் தமிழ் படிப்பித்தவள். என்னுடைய சேட்டிபிக்கற்றை ஒரு கந்தோரில் கொடுத்தபோது, அங்கே இருந்த பெண் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, தமிழ் என்பது ஒரு பாடமா என்று உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டாள். ஓம் என்றேன். பாவம், படிவத்தில் எந்தப் பெட்டியில் புள்ளடி போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இப்போது நான் பிஸ்கற் பக்டரியில் பெட்டி அடுக்குகிறேன். சீனி வாசம் தலைமயிரிலிருந்து போகவே போகாது.

பள்ளிக்கூடத்தில் சுகந்தி என்ற பெயரைக் குறுக்கி, பிள்ளையைச் 'சூ' ஆக்கினார்கள். எங்கள் தமிழ்க் கேள்விகளுக்கு முதலில் தமிழில் முழு வசனமாகப் பதில் வந்தது. பிறகு ஒரு சொல்லாகச் சுருங்கியது. பிறகு இங்கிலிஷ். பிறகு தோளைக் குலுக்குவது. ஞாயிறு நடைக்கு வருவதையும் ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொண்டாள். எழுத வாசிக்க மறந்தே போனாள். நான் படிப்பித்த பிள்ளைகள் ஊரில் பண்டிதர் சோதனை எடுக்கிறார்கள். என் வயிற்றில் பிறந்ததுக்கு 'அம்மா' என்று எழுத வராது.

பதினெட்டு முடிந்து கொஞ்ச நாளில், கையில் சோற்றோடு இருந்த தகப்பனுக்கு முன்னால் சொன்னாள். யூனிவர்சிற்றியில் கூடப் படிக்கிற கிரெக் என்ற வெள்ளைப் பெடியனோடு ஒரு வாடகை வீட்டுக்குப் போகப் போகிறாளாம்.

"கலியாணம்?" என்றார் இவர்.

"தெரியாது, டாட். மேபி லேற்றர்."

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழும்பினார். அடுத்த சனிக்கிழமை கடுகு நிறக் கார் ஒன்று வந்தது. ஒரு கதவு மட்டும் வெள்ளை. எங்கேயோ கழற்றிப் பூட்டின கதவு. அவள் தன்னுடைய உடுப்புப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய் ஏறினாள். இவர் யன்னலடியில் நின்று பார்த்தார். பிறகு நேரே பொலிசுக்குப் போனார். அங்கே இருந்த இளம் பெடியன் மரியாதையாகக் கதிரை போட்டு இருத்தி, பதினெட்டு வயது என்றால் சட்டப்படி அவள் பெரிய ஆள், ஒன்றும் செய்ய இயலாது என்று சொல்லி, தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டானாம். ஆயுள் முழுக்க விதிமுறைக்கு நின்ற மனிதரை அன்றைக்கு விதிமுறை கைவிட்டது.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையிலிருந்த அவளுடைய கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய்க் கராஜில் வைத்தார். அதற்குப் பிறகு அவளுடைய பெயர் அவர் வாயில் வரவில்லை. நான் எடுத்தால் எழும்பிப் போய்விடுவார். இது நடந்து அரை வருடத்துக்கு மேலாகிறது.

4

அவள் என்னைக் கைவிடவில்லை. இடைக்கிடை, நான் வேலை முடிந்து வருகிற நேரம் பார்த்துப் பக்டரி வாசலில் நிற்பாள். போன கிழமையும் நின்றாள். மெலிந்திருந்தாள். இரண்டு பேரும் மதிலோரமாக நின்று கதைத்தோம்.

"அப்பா எப்பிடி?" என்றாள். அவளுடைய தமிழ் இப்போது நொண்டித்தான் நடக்கிறது. ஆனாலும் எனக்காக நடத்திக் கொண்டுவருகிறாள்.

"இருக்கிறார். சாப்பாடு குறைவு."

"அம்மா, நான் வீட்டை வரட்டே?"

"கதவு திறக்கமாட்டார், பிள்ளை."

அவள் அழவில்லை. கீழே பார்த்துக்கொண்டு, கிரெக்கும் அப்பாவோடு கதைக்கவேண்டும் என்கிறான், என்ன சொல்லவேண்டும் என்று நெடுகக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று இங்கிலிஷில் சொன்னாள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எனக்கு வந்த யோசனைகளில் அதைவிடக் கெட்டிக்கார யோசனை வேறு இல்லை என்று அப்போது நினைத்தேன்.

"ஞாயிற்றுக்கிழமை அங்கை வா. நாங்கள் வந்த நாள். எங்களுக்கு முதலே வந்து, அம்புக்குறிப்படி நடக்கத் தொடங்கு. அப்பா வழக்கம்போலை எதிராலைதான் வருவார். பாலத்திலை கட்டாயம் சந்திப்பியள். அதிலை அவர் எங்கை விலத்திப் போறது?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, கனகாலத்துக்குப் பிறகு, சிரித்தாள். "ரைட் சைட் இஸ் ஃபோர் கோட், சேர்," என்றாள் தகப்பனுடைய குரலில். நானும் சிரித்தேன். அந்த மனிதருடைய பிடிவாதத்தையே பிடித்து அவரைக் கட்டிப்போடப் போகிறோம் என்று எங்கள் இருவருக்கும் ஒரு சந்தோஷம். பக்டரியால் வந்த பெண்கள் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

5

விடிய எழும்பிச் சமைத்தேன். கத்தரிக்காய்ப் பொரியல் குழம்பு, பருப்பு, முட்டை, மிளகாய்ப் பொரியல். வாழையிலைக்கு எங்கே போவது, எண்ணெய்க் கடுதாசியில்தான் பொதி கட்டினேன். அவருக்குத் தெரியாமல் நான்கு பொதி. கிரெக்குக்கு உறைப்பைக் குறைத்து வைத்தேன். கூடையின் மேல் துவாயை விரித்து மூடினேன்.

ஆடி மாதம் இங்கே கடுங்குளிர். புல்லில் வெள்ளையாக உறைபனி கிடந்தது. கார் நிறுத்துகிற இடத்துக்குள் திரும்பினதும் நான் முதலில் கண்டது அந்தக் கடுகு நிறக் காரை. பெரிய மரத்துக்குப் பின்னால் நிறுத்தச் சொல்ல எனக்குப் புத்தி வரவில்லை. வெள்ளைக் கதவு எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

அவரும் கண்டார். எஞ்சினை நிறுத்திவிட்டு இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி இருந்தார்.

"திரும்பிப் போவமோ?" என்று கேட்டேன்.

"ஏன்? நடக்கத்தானே வந்தனாங்கள்," என்றார். குரலில் கோபம் இல்லை. அதனால் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. இறங்கிக் கதவைப் பூட்டினார். பிறகு என்னைப் பாராமல் சொன்னார். "நீர் வேணுமெண்டால் காருக்குள்ளை இரும். பொம்பிளையள் வரத் தேவையில்லை."

குளிருக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். வருகிறேன் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

பச்சைப் பலகைக்கு முன்னால் நின்றார். ஒன்பது வருடமாக முதுகு காட்டின பலகை. அதை ஒருமுறை வாசித்தார். பிறகு அம்புக்குறி காட்டின பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினார்.

"இஞ்சாருங்கோ, அந்தப் பக்கமெல்லே," என்றேன்.

"இண்டைக்கு இப்பிடித்தான்."

அவள் முன்னால் போயிருக்கிறாள். நாங்கள் அதே பக்கமாகப் பின்னால் போனால் சந்திக்கமாட்டோம். அவர் கணக்கு அதுதான் என்று நினைத்தேன். என்னுடைய கெட்டித்தனத்தை ஒரு நிமிடத்தில் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டாரே என்று ஆத்திரம் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் விளங்கவில்லை. குளம் இடக்கைப் பக்கம் கிடந்தது. அந்தப் பக்கத்தில் குளத்தைக் கண்டு பழக்கமில்லாததால் ஏதோ தெரியாத ஊருக்கு வந்ததுபோல இருந்தது. வழியில் ஒருவரையும் காணவில்லை. நாய்க் கிழவியும் இல்லை, தாடிக்காரரும் இல்லை. எல்லாரும் எங்களுக்கு முன்னாலோ பின்னாலோ போய்க்கொண்டிருந்திருப்பார்கள்.

யூகலிப்டஸ் காடு முடிகிற இடத்தில் பாதை பள்ளத்தில் இறங்கும். அங்கே நின்றால் கீழே பாலம் முழுதாகத் தெரியும். அவள் பாலத்தின் நடுவில் நின்றாள். நான் தைத்துக் கொடுத்த நீலப் பாவாடை உடுத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் கிரெக். தோள்வரைக்கும் தலைமயிர் வளர்த்த பெடியன், இந்தக் குளிருக்குள் ஒரு டை கட்டிக்கொண்டு வந்திருந்தான். இரண்டு பேரும் எங்களுக்கு முதுகைக் காட்டி, ஓக் மரங்களின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வரவேண்டிய பக்கம் அது. அவள் எட்டியெட்டிப் பார்த்தாள்.

"நில்லும்," என்றார் இவர். "போகட்டும். போனாப் பிறகு போவம்."

நின்றோம். அவள் கைப்பிடியில் சாய்ந்து நின்று பார்த்தாள். நாங்கள் வருவோம் என்பதில் அவளுக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகம் இருக்கவில்லை. இந்த நாட்டில் அவளுக்கு எது மாறினாலும் அப்பா வருகிற பக்கம் மாறாது. எனக்குப் பொறுக்கவில்லை. வாய்விட்டுக் கூப்பிட்டேன்.

"பிள்ளை!"

அவள் திரும்பினாள். நெற்றியில் பொட்டு வைத்திருந்தாள். எங்களைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாகக் கையைத் தூக்கினாள். பிறகு நாங்கள் நிற்கிற இடத்தைப் பார்த்தாள். எங்களுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அம்புக்குறிக் கட்டையைப் பார்த்தாள். தகப்பனைப் பார்த்தாள். தூக்கின கை அப்படியே நின்றது.

அவளுடைய முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. பெண்கள் வரத் தேவையில்லை என்று சுடலைக்குப் போகும்போது சொல்லுவார்கள். அவர் சந்திக்காமல் தப்புவதற்காக இந்தப் பக்கம் வரவில்லை. தப்புவதென்றால் வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கலாம். தன் மகளை இடமாகச் சுற்றி முடிக்க வந்திருக்கிறார்.

நான் விளங்கிக்கொள்ள இவ்வளவு நேரம் எடுத்தது. அவளுக்கு ஒரு நொடிதான். தமிழ் எழுதத் தெரியாத பிள்ளை, கோயிலைக் கண்டு ஒன்பது வருடமான பிள்ளை. நாங்கள் சொல்லிக் கொடுத்ததில் அவள் மறக்காமல் வைத்திருந்தது அது ஒன்றுதான்.

"அப்பா," என்றாள். கத்தவில்லை. பக்கத்தில் நிற்கிறவரைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டாள். இவர் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பட்டை உரிந்த இடத்தில் எறும்பு போய்க்கொண்டிருந்தது, அதைப் பார்த்தார்.

கிரெக் சிரித்த முகத்தோடு எங்களை நோக்கி இரண்டடி வைத்தான். அவனுக்கு என்ன தெரியும்? பாலத்தில் கண்டால் ஹலோ சொல்லவேண்டும் என்பது மட்டும் தெரியும். அவள் அவனுடைய கையைப் பிடித்து இழுத்தாள். பாலத்தைக் கடந்து ஓக் மரங்களுக்குள் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் ஓடியிருக்கலாம். ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாம். கூடையைப் பிடித்தபடி நின்றேன். இவர் கொஞ்ச நேரம் பொறுத்து, பாலத்தைக் கடந்து, மிச்ச வட்டத்தையும் ஓர் அடி குறையாமல் நடந்து முடித்தார். நாங்கள் வந்து சேர்ந்தபோது கடுகு நிறக் கார் போய்விட்டிருந்தது.

6

வீட்டுக்கு வந்ததும் அவர் முன்கதவால் உள்ளே வரவில்லை. பின்வளவுக்குப் போனார். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, தண்ணீர்க் குழாயடியில் வாளியை நிரப்பி, உடுத்த உடுப்போடு தலையில் ஊற்றினார். ஒன்று, பிறகு இன்னொன்று. மூச்சு வெள்ளையாகப் புகைத்தது. வேலிக்கு அந்தப் பக்கத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த போலந்துக்காரி, கையில் ஈரச் சட்டையோடு வாயைத் திறந்தபடி நின்றாள். அவளுக்கு நான் எதைச் சொல்ல?

செத்தவீட்டுக்குப் போய்விட்டு வந்தால் தலைமுழுகாமல் வீட்டுக்குள் கால் வைப்பதில்லை. அடுப்படிக்கோ சாமிப் படத்தடிக்கோ போவதில்லை. எங்களுக்கு இங்கே சாமியறை இல்லை. குசினி அலுமாரியின் மேல்தட்டில் மூன்று படங்களும் ஒரு சின்னக் குத்துவிளக்கும் இருக்கின்றன.

நான் முன்கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். குளிக்கவில்லை. கால்கூடக் கழுவவில்லை. காட்டு மண்ணோடு குசினிக்குள் போய், எண்ணெய் விட்டு, திரி போட்டு, விளக்கை ஏற்றினேன். இரண்டு நெருப்புக்குச்சி அணைந்து மூன்றாவதில்தான் பற்றியது. பிறகு கராஜுக்குப் போய் அந்தக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையடியில் போட்டேன்.

அவர் தண்ணீர் சொட்டச் சொட்டக் குசினி வாசலில் வந்து நின்றார். விளக்கைப் பார்த்தார். கதிரையைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார்.

"நீர் முழுகேல்லையோ?"

"இல்லை."

"முழுகாமல் விளக்கு வைச்சிருக்கிறீர்."

"இந்த வீட்டிலை ஒருதரும் சாகேல்லை," என்றேன்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். குளிரில் அவருக்குப் பல் அடித்துக்கொள்வது கதவுக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குக் கேட்டது. அது நின்ற பிறகு வேறொரு சத்தம் கேட்டது. கலியாணம் கட்டின நாளிலிருந்து அவரிடம் நான் கேட்டிராத சத்தம். நான் எழும்பிப் போகவில்லை.

அவருடைய பொதியை மேசையில் வைத்திருக்கிறேன். பசித்தால் வந்து தின்னட்டும். அவளுடையதையும் அந்தப் பெடியனுடையதையும் பிரிக்காமல் பிரிட்ஜுக்குள் வைத்திருக்கிறேன். நாளைக்கு வேலைக்குப் போகும்போது கொண்டுபோவேன். வேலை முடிந்து வருகிற நேரம் அவள் வாசலில் நிற்கக்கூடும்.

நிற்கமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் கொண்டுபோவேன்.